லயத்துப் பாட்டும் பல்கலைக்கழகமும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எங்களைப் பேச அழைத்தபோது தலைப்பையும் சேர்த்தே தந்தார்கள்: பெண்களும் நீரிழிவு நோயும். நீரிழிவைப் பற்றி வாரத்தில் ஐந்து நாள் கிளினிக்கில் பேசுகிறோம். கேட்கிறவர்கள் நன்றாகத் தலையாட்டிவிட்டு, வெளியே கடையில் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். இன்று ஒரு நாளாவது வேறு விடயம் பேசுகிறோம் என்று கேட்டோம். தலைவி பெரிய மனதோடு சம்மதித்தார்.

மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும் இந்த உரையில் "நாங்கள்" என்றே வரும். 1990களின் கடைசியில் இங்கே உயர்தரம் எடுத்த எங்கள் தொகுதியில் வைத்தியர் உண்டு, ஆசிரியைகள் உண்டு, வங்கியில் இருப்பவர் உண்டு, தோட்டத்திலேயே குடும்பத்தோடு இருப்பவர்களும் உண்டு. இங்கே சொல்லப்போவது, நாங்கள் பல இரவுகள் வட்ஸ்அப்பில் வாதாடி, சிலர் கோபித்துக் குழுவை விட்டுப் போய்த் திரும்பி வந்து, ஒருவாறு ஒத்துக்கொண்ட கருத்து. ஒத்துக்கொள்ளாத இடங்களையும் மறைக்கமாட்டோம்.

கேள்வி இதுதான். நம் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி பல்கலைக்கழகம் போய்ப் பாட்டைப் படிக்கலாமா? தியாகராஜ கீர்த்தனையை மட்டும் சொல்லவில்லை. லயத்தில் பாடுகிற பாட்டு, திருவிழாவில் அடிக்கிற தப்பு, பஸ்ஸில் ஓடுகிற சினிமாப் பாட்டு, இவற்றை ஒரு பாடமாக எடுத்துப் படித்துப் பட்டம் வாங்கலாமா?

இது நாங்கள் பொழுதுபோகாமல் கிளப்பிய கேள்வி அல்ல. உயர்தரப் பெறுபேறு வருகிற நாட்களில் எங்கள் கிளினிக்குக்கு நோயில்லாதவர்களும் வருவார்கள். பிரஷர் பார்க்கவென்று வந்து உட்கார்ந்து, பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். அப்படித்தான் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். பெயரும் தோட்டமும் சொல்லாமல் இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம்.

"டொக்டர், நீங்க சொன்னா புள்ள கேக்கும். பாட்டு படிக்கப் போறேன்னு நிக்குது. அதும் தப்பப் பத்தி படிக்கப் போவுதாம். தப்படிக்கவா நாங்க இத்தன பாடுபட்டு படிக்க வச்சோம்?"

பிரஷர் உண்மையிலேயே கூடித்தான் இருந்தது. கொஞ்சம் ஆறவைத்துக் கேட்டோம். அவருடைய தகப்பன் தோட்டத்துத் தப்புக்காரர். சாவு விழுந்தால் இரவு பகல் பாராமல் ஆள் வரும். பாடையோடு முன்னால் நடந்து அடித்துவிட்டு வந்தால் சாராயமும் கொஞ்சக் காசும். தேத்தண்ணீர் வேறு கோப்பையில். இஸ்தோப்பில் ஒரு நாளும் நாற்காலி போட்டதில்லை. தகப்பன் செத்த பிறகு அந்தத் தப்பைக் கூரைத் தகரத்துக்குக் கீழே சொருகி வைத்தவர், பிறகு எடுக்கவே இல்லை. "தாத்தா ஃபெக்டரியில வேல செஞ்சாரு" என்று சொல்லியே மகளை வளர்த்திருக்கிறார். தகரம் மாற்றின அன்று தப்பு கீழே வந்தது. மகள் கேட்கத் தொடங்கினாள்.

கலைக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்வது சுலபம். மரியாதை கிடைக்காத இடத்தில் நின்றவர் அவர். நாங்கள் அங்கே நிற்கவில்லை. ஆகவே அன்று அவருக்கு மாத்திரையும் மறு திகதியும் கொடுத்து அனுப்பிவிட்டு, எங்கள் தொகுதிக் குழுவில் இந்தக் கேள்வியைப் போட்டோம்.

முதலில், இப்படி ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம். இருக்கிறது. அதற்குக் கிட்டத்தட்ட எங்கள் வயதுதான். 1981 இல், ஜனரஞ்சக இசையை ஆராய்கிறவர்களுக்கென்று ஓர் அனைத்துலகச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் இந்தத் துறைக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கியது. 1988 இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜனரஞ்சக இசைக்கான நிறுவனம் வந்தது. லிவர்பூல் என்பது கப்பலும் கூலி வேலையும் நிறைந்த துறைமுக ஊர். பீட்டில்ஸ் பையன்கள் பிறந்த ஊர். 2009 இல் அதே ஊரின் இன்னொரு பல்கலைக்கழகமான லிவர்பூல் ஹோப், பீட்டில்ஸையும் அவர்கள் காலத்துச் சமூகத்தையும் பற்றியே முதுமாணிப் பட்டம் தொடங்கியபோது பத்திரிகைகளில் கேலியும் வந்தது. ஆனால் அங்கே படிப்பது கிற்றார் வாசிக்கப் பழகுவது மட்டுமல்ல. ஒரு பாட்டு எங்கே உருவானது, யார் கேட்டார்கள், யாருக்குக் காசு போனது, ஏன் அந்த ஊரில் அந்த நேரத்தில் அந்தச் சத்தம் பிறந்தது என்பதெல்லாம் பாடம்.

தமிழரும் இதில் பிந்தியவர்கள் அல்லர். தியடோர் பாஸ்கரன், சுதந்திரப் போராட்டக் காலத்து மேடைப்பாட்டு, நாடகம், சினிமா பற்றி எழுதிய ஆங்கில நூல் 1981 இல்தான் சென்னையில் வந்தது. தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பாடல் ஊடகமாகப் பார்த்து நம் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதிய நூலும் அதே 1981. மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதும் அந்த ஆண்டுதான் என்பதைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

சினிமாப் பாட்டுக்கு வருவோம். 2024 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் இளையராஜாவின் பெயரில் இசை கற்பதற்கும் ஆராய்வதற்குமான மையம் ஒன்றுக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. பொறியியலாளர்களை உருவாக்கும் இடத்தில் சினிமா இசையமைப்பாளர் பெயரில் ஆராய்ச்சி மையம். தம்பி, தங்கைகளை ஐ.ஐ.டி. மாதிரி ஓரிடத்துக்கு அனுப்பக் கனவு காண்கிற பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அந்த இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958 இல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. தேவிகுளம், மூணாறு என்றால் என்ன? நம்மைப் போலவே தேயிலை மலை. கொழுந்து பறித்தவர்கள் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து போன சனம். அந்த மலைகளில் வரதராஜன் தொழிலாளருக்குப் பாடினார். கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டென்று இன்றும் சொல்வார்கள். அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகப் போன தம்பிதான் பிற்காலத்து இளையராஜா. இப்போது ஐ.ஐ.டி.க்குள் போயிருக்கிற பாட்டின் வேர்களில் ஒன்று தேயிலைத் தூரடியில் இருக்கிறது.

அதற்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அட்டனில் அதே வேலையைச் செய்தவர் ஒரு பெண். மீனாட்சி அம்மாள். கோ. நடேசய்யரின் மனைவி என்றுதான் பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். நடேசய்யர் 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியவர், சட்டசபையில் இருந்தவர், பத்திரிகை நடத்தியவர். கூட்டத்துக்கு ஆள் சேர்ந்தது அவர் பேச்சுக்கு மட்டுமல்ல, மீனாட்சி அம்மாளின் பாட்டுக்கும்தான். இந்தியத் தமிழரின் இலங்கை வாழ்க்கை நிலைமை பற்றி அவர் எழுதிய பாட்டுகள் 1940 இல் சிறு நூலாக வந்தன. அக்காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே "இன்ன பாட்டின் மெட்டு" என்று போடுவது வழக்கம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத சனத்துக்கும் மெட்டுத் தெரியும். மெட்டுத் தெரிந்தால் சொல் தானாக மனதில் நிற்கும். கட்டணமில்லாத பத்திரிகை மாதிரி அது. அந்த மெட்டுகள் எந்த எந்தப் பாட்டிலிருந்து வந்தன, எந்தத் தோட்டத்தில் எப்படிப் பாடினார்கள், யார் இப்போதும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை தேடிப் போனால், அது பல்கலைக்கழகத்துக்குக் குறைந்த வேலையா?

தலவாக்கலைக்கு வாருங்கள். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. தமக்கு வாக்களித்தவர்களுக்கு வாக்குரிமை இல்லாமற் போனதைப் பார்த்த மனிதர், அவர்களுடைய பாட்டுகளைத் தேடிச் சேகரித்து எழுதி வைத்தார். அவர் 1984 இல் காலமான பிறகு, 1987 இல் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று அது நூலாக வந்தது. பிறகு சாரல்நாடன் போன்றவர்கள் வாய்மொழி இலக்கியம் பற்றி எழுதினார்கள். இவர்கள் யாரும் இசைத்துறைப் பேராசிரியர்கள் அல்லர். வேலைக்கு நடுவே, கைக்காசு செலவழித்துச் செய்தார்கள். சொல் நமக்குக் கிடைத்திருக்கிறது. இராகம் ஏட்டில் ஏறவில்லை. நூலைக் கையில் வைத்துக்கொண்டு எங்களில் பலருக்கு அந்தப் பாட்டுகளைப் பாடத் தெரியாது.

இதே தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1925 இல் தொடங்கியது. கிட்டத்தட்ட நம் பாடசாலையின் வயது. இலைக்கு வரும் கொப்புள நோயிலிருந்து மண்ணின் புளிப்பு வரை அங்கே நூறு வருடமாகப் படித்திருக்கிறார்கள். அது தேவைதான், நாம் எல்லோரும் அந்த இலையில் வளர்ந்தவர்கள். இலையைப் பறித்தவளின் பாட்டுக்கும் ஒரு மேசை, ஒரு அலமாரி, சம்பளம் வாங்குகிற ஒரு ஆள் இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இப்போது கொழுந்து மலையில் யாரும் பாடுவதில்லை, கூடைக்குள் போன் பாடுகிறது என்று எங்கள் தொகுதியில் தோட்டத்தில் இருக்கிற தோழி சொன்னாள். தமிழ்த்தினப் போட்டிக்குக் கொழுந்துக் கூடை மாட்டி ஆடுகிற பிள்ளையின் தாய், மலையில் கேட்பது விஜய் பாட்டு. சரி, அதையும் படிக்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் விசேடம். எது சுத்தமானது, எது கலப்படம் என்று தீர்ப்புச் சொல்ல அது அவசரப்படுவதில்லை. சனம் எதைக் கேட்கிறது, ஏன் கேட்கிறது என்று பார்க்கிறது.

வானொலியை நினைத்துப் பாருங்கள். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை தென்னிந்தியாவையே கட்டிப்போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அப்துல் ஹமீத் அவர்களின் குரலைக் கேட்டு வளர்ந்த அக்காமார் இங்கே நிறைய. நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன்னால் பெயர்களும் ஊர்களும் வாசிப்பார்கள். லிந்துலை, அக்கரபத்தனை, பொகவந்தலாவை என்று தோட்டப் பெயரும் சேர்ந்து வரும். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாத சனத்தின் பெயரைக் கொழும்பிலிருந்து ஒரு குரல் உரத்து வாசித்தது. எங்கள் அம்மாமார் தபாலட்டை வாங்கக் காசு சேர்த்ததன் பொருள் இப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது. எல்லோருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்ததே 2003 இல்தானே.

எழுபதுகளின் பொப்பிசையும் அப்படி. நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே", ஏ.ஈ. மனோகரனின் "சுராங்கனி" இல்லாத கலியாண வீடு உண்டா? சிங்களப் பைலாவையும் நவீன சிங்களப் பாடலையும் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2017 இல் காரெட் ஃபீல்ட் என்ற அமெரிக்கர் சிங்களப் பாடலின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை ஒரு முழு நூலாகவே எழுதினார். வெளியிலிருந்து வருகிறவர் எழுதுவது நல்லது. தப்புச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டு வளர்ந்தவள் எழுதினால் இன்னும் வேறு மாதிரி இருக்கும்.

வைத்தியர் என்ற முறையில் ஒரு விடயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீரிழிவுத் தலைப்பை விட்டதற்கு மன்னிப்புக் கிடைக்காது. பாரிசவாதம் வந்து மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டால் சிலருக்குப் பேச்சு அற்றுப்போகும். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது, தண்ணீர் கேட்க வாய் வராது. ஆனால் பழக்கமான பாட்டை எடுத்துக் கொடுத்தால் சொற்களோடு பாடிவிடுவார்கள். 1745 லேயே சுவீடனில் இப்படி ஒருவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்: பேச முடியாதவர் தேவாலயத்தில் எல்லோருடனும் சேர்ந்து பாடினார் என்று. 1973 இல் பொஸ்டன் நகரத்தில் இதை வைத்தே, இராகமிட்டுச் சொல்லப் பழக்கிப் பேச்சைத் திருப்பும் ஒரு சிகிச்சை முறையை வகுத்தார்கள். எல்லோருக்கும் பலிக்காது, ஏன் பலிக்கிறது என்பதிலும் இன்னும் வாதம் உண்டு.

எங்கள் வார்டில் ஒரு ஆயா இருந்தார். எழுபது தாண்டியவர், நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். வலது கை விழுந்துவிட்டது, "ஆ" என்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலில் கைக்குழந்தை அழுதபோது அவர் வாயிலிருந்து முழுத் தாலாட்டு வந்தது. மாமன் பெயர், ஊர்ப் பெயர், கப்பல் ஏறி வந்த கதை எல்லாம் அதில் இருந்தது. தாதி ஓடி வந்து எங்களைக் கூப்பிட்டார். பேச்சுச் சிகிச்சையாளரோடு சேர்ந்து அந்த இராகத்தில் "தண்ணி வேணும்" என்று சொல்லப் பழக்கப் பார்த்தோம். இரண்டு சொல் வந்தது. அதற்குப் பிறகு இரண்டாவது தடவை பாரிசவாதம் வந்து இறந்துபோனார். அந்தத் தாலாட்டு மகளுக்குத் தெரியாது. மருமகளுக்கும் தெரியாது. வார்டில் இருந்த எவரும் பதிவு செய்யவில்லை, அது வைத்தியசாலையின் வேலையும் அல்ல. அது யாருடைய வேலை என்பதுதான் நாங்கள் இங்கே கேட்பது.

இனி அந்தத் தகப்பனின் வாதம். எங்கள் தொகுதியில் பாதிப்பேர் அவர் பக்கம். ஒருத்தி கேட்டாள்: "தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது எத்தனை? கணித ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் தோற்கிறார்கள், நீங்கள் தப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்." அது நியாயமான கோபம். இன்னொருத்தி, "பல்கலைக்கழகம் போனால் பாட்டை ஊறுகாய் போட்டுவிடுவார்கள்" என்றாள். அதுவும் நடக்கக்கூடியதே. ஆனால் நாங்கள் கணக்குக்குப் பதிலாகப் பாட்டு என்று சொல்லவில்லை. கணக்கு வராத பிள்ளைக்குப் பாட்டு என்றும் சொல்லவில்லை. பாட்டில் கெட்டிக்காரியாக இருக்கிற பிள்ளையைக் கட்டாயப்படுத்திக் கணக்கில் உட்கார வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

சாதியைப் பற்றிய பயம்தான் பெரியது. அதை மூடி மறைத்துப் பேசக் கூடாது. தப்பு நம் வாழ்க்கை முழுவதிலும் இருக்கிறது. சில தோட்டங்களில் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் எழுப்பியதே தப்புத்தான். மாசி மாதம் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் வரும்போது ஒரு அடி, வீரபத்திரன் வரும்போது வேறு அடி. பொன்னர் சங்கருக்கும் அர்ச்சுனன் தபசுக்கும் அது வேண்டும். இத்தனைக்கும் தேவையான வாத்தியத்தை அடிக்கிறவரை மட்டும் தள்ளி வைத்தோம்.

பல்கலைக்கழகத்தால் இதில் ஏதும் மாறுமா? மாறிய ஓர் உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே, பேராதனையில் இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை வரவழைத்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். கர்ணன் போர் 1962, நொண்டி நாடகம் 1963, இராவணேசன் 1964, வாலிவதை 1967. அதுவரை படித்தவர்கள் பட்டிக்காட்டு ஆட்டம் என்று ஒதுக்கியதைப் பட்டதாரிகள் ஆடினார்கள். அங்கே ஆடிய மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பிற்காலத்தில் கூத்தைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆட்டம் பழக்க வந்த அண்ணாவியாரை மாணவர்கள் குருவாக வைத்துப் பார்த்தார்கள் என்பது எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் பறைக்கும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் போட்டு மேடையில் ஆடி அடிக்கிறார்கள். சோயி ஷெரினியன் என்ற அமெரிக்கப் பேராசிரியை கிராமத்துக் கலைஞர்களிடம் மாணவியாக உட்கார்ந்து பறை பழகி, 2011 இல் அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 2025 இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. சாதி இதனால் ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாவு வீட்டுக்கு வா என்று அதிகாரத்தோடு கூப்பிட்டவர்கள், கற்றுத்தாருங்கள் என்று கேட்கிற நிலைக்குச் சில இடங்களிலாவது வந்திருக்கிறார்கள்.

அந்தத் தகப்பன் மறு திகதிக்கு வந்தபோது இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "பத்மஸ்ரீ குடுத்தா சரிதான் டொக்டர். இங்க கோயில் கமிட்டியில எங்கள எங்க நிக்க வைக்கிறாங்கன்னு நீங்க வந்து பாருங்க" என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. மகளை விண்ணப்பிக்க விட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். விண்ணப்பத்தில் கையொப்பம் வைத்தார். தப்பை மட்டும் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.

இனி இங்கே உட்கார்ந்திருக்கிற உயர்தரத் தங்கைமாருக்குச் சில நடைமுறை விடயங்கள். தமிழ்மொழியில் இசைப் பட்டம் படிக்க முக்கியமாக இரண்டு இடங்கள். ஒன்று யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் 1960 இல் இராமநாதன் சங்கீதக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று யாழ். பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாக வளர்ந்திருப்பது. மற்றது மட்டக்களப்பு கல்லடியில் 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருப்பது. அந்தப் பெயருக்குரியவர், பழந்தமிழர் யாழைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டவர். அவர் விஞ்ஞானமும் படித்தவர் என்பதைக் கலைப்பிரிவைக் கேலி செய்கிற தம்பிமாரிடம் சொல்லுங்கள்.

இரண்டு இடத்திலும் வாசல் கர்நாடக சங்கீதம்தான். தப்புக்கோ சினிமாப் பாட்டுக்கோ தனிப் பட்டம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சுருதியும் தாளமும் ஒழுங்காகப் படித்தே ஆக வேண்டும். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை எடுத்துக்கொண்டு வாருங்கள், அது நல்ல அத்திவாரம். எங்கள் காலத்தில் சங்கீத அறையில் டீச்சர் "லயம் தவறுது" என்றால் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம், பாதிப்பேர் வந்தது லயத்திலிருந்து என்பதால். டீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். அந்தச் சிரிப்பின் காரணம் இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. பல்கலைக்கழகம் நடத்துகிற செயன்முறைப் பரீட்சையும் உண்டு. மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக, வரிக்கு வரி வாசியுங்கள். அக்காவின் காலத்து நிபந்தனை உங்கள் காலத்துக்குப் பொருந்தாது. மகாபொல உதவிக்கும் விண்ணப்பியுங்கள். இறுதி ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அப்போது உங்கள் தோட்டத்தை எடுங்கள். காமன் கூத்தின் அடிகள், ஒப்பாரிக்குள் புகுந்த சினிமா மெட்டு, தேர்த் திருவிழாவின் ஒலிபெருக்கி, மாமா வீட்டில் மிச்சமிருக்கிற கெசட் பெட்டி, எல்லாமே ஆய்வுக்குரியவை.

வேலை கிடைக்குமா? பொய் சொல்லமாட்டோம். கலைப் பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதியோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இசை ஆசிரிய நியமனம் கிடைக்கலாம், பிந்தலாம். வேறு ஒரு கைத்தகைமையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலமும் கணினியும், முக்கியமாக ஒலிப்பதிவும் பழகுங்கள். அதே நேரம், வைத்தியம் படித்தால் எல்லாம் சரி என்று நினைக்கிற பெற்றோருக்கும் ஒன்று: 2022 நெருக்கடிக்குப் பின் எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

கடைசியாக, நூற்றாண்டுக்கு எங்கள் தொகுதியின் அன்பளிப்பு. பழைய மாணவியர் நூலகத்துக்குச் சுவர்க்கடிகாரம் கொடுப்பது வழக்கம். ஏற்கெனவே மூன்று இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு ஒலிப்பதிவுக் கருவி, ஒரு கணினி வன்தட்டு, பூட்டுள்ள ஒரு அலமாரி வாங்கியிருக்கிறோம். வருகிற விடுமுறையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் உள்ள ஆயா, தாத்தா, அத்தை யாரிடமாவது ஒரு பாட்டைப் பதிவு செய்து வர வேண்டும். சினிமாப் பாட்டானாலும் சரி. பதிவின் தொடக்கத்தில் பாடுகிறவர் பெயர், தோட்டம், டிவிஷன், யாரிடம் கேட்டுப் பழகியது, எந்த வேலையின்போது பாடியது, திகதி ஆகியவற்றைச் சொல்லுங்கள். பாடுகிறவரின் சம்மதத்தைக் கேட்டுப் பதிவிலேயே சொல்ல வையுங்கள். அவர் வேண்டாமென்றால் பதிவு செய்யாதீர்கள். ஒப்பாரியைச் சாவு வீட்டில் போய் எடுக்க வேண்டாம், பிறகு ஒரு நாள் கேளுங்கள். தப்புக்காரர் வீட்டுக்குப் போகிற பிள்ளைகள், அவர்கள் தருகிற தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வாருங்கள். பதிவுகளை நூலகப் பொறுப்பு ஆசிரியையிடம் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை இடைவேளைக்குப் பின் அலமாரி திறந்திருக்கும். சாவி இரண்டு, ஒன்று அதிபரிடம், மற்றது சங்கச் செயலாளரிடம்.